பிறந்ததிலிருந்து பின்தொடரும் ஆய்வுகள்: எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழு கேட்ட கேள்விகள்

என் தங்கைக்கு இது ஆறாம் மாதம். போன வாரம் செக்கப்புக்குப் போன ஆஸ்பத்திரியில், டோக்கன் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு பெண் வந்து, பிறக்கப்போகிற குழந்தையைப் பல வருடங்களுக்கு ஓர் ஆய்வுக்காகத் தொடர்ந்து பார்த்துவர உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டு, எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள். அவ்வளவுதான், இரவு பதினொன்றரை வரை ஒருவரும் தூங்கவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளைப் பற்றி நான் ரொம்ப நாளாகத் தேடிப் படிப்பவன் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் கேள்விகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. போனில் துண்டு துண்டாகத் தட்டிய பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். கேட்டவர்களின் உறவுமுறை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.

இது மருந்து சோதனையா? குழந்தைக்கு ஏதாவது ஊசி போட்டுப் பார்ப்பார்களா? (அத்தை)

இல்லை அத்தை. இதில் யாருக்கும் எதுவும் கொடுத்துப் பார்ப்பதில்லை. ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே ஊரில் பிறந்த குழந்தைகளை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படி வளர்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், என்ன நோய் வந்தது, அப்பா அம்மாவுக்கு என்ன வேலை, வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே போவார்கள். கோஹார்ட் ஆய்வு என்பார்கள், தமிழில் பிறப்புக் குழு ஆய்வு என்று சொல்லலாம். எடை, உயரம், சில சமயம் ரத்தம், நிறையக் கேள்விகள். வேலை முழுக்கப் பார்ப்பதும் எழுதுவதும்தான்.

எதற்கு இவ்வளவு வருடம் காத்திருக்க வேண்டும்? நாற்பது வயது ஆளிடம் போய் "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க" என்று கேட்டால் சொல்ல மாட்டாரா? (சித்தப்பா)

சொல்வார். ஆனால் தப்பாகச் சொல்வார், அதுவும் பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்வார்.

நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில், 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை ஒரே மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் 1,037 பேரை மூன்று வயதிலிருந்து இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அவர்கள் இளைஞர்கள் ஆனதும் பழைய நாட்களைப் பற்றிக் கேட்டு, அந்தப் பதில்களை அந்தந்த வயதில் எழுதி வைத்திருந்த குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். பல விஷயங்களில் இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. வீட்டில் நடந்த சண்டை, தாங்கள் பட்ட மன வருத்தம் போன்றவற்றில் நினைவு ரொம்பவே ஏமாற்றியிருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற தொல்லைகள் வாழ்நாளில் எப்போதாவது வந்ததுண்டா என்று பெரியவர்களிடம் ஒரே ஒரு முறை கேட்டு எடுக்கிற கணக்கைவிட, சில வருடங்களுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்த கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. மனிதர்கள் அவ்வளவையும் மறந்துவிட்டிருக்கிறார்கள்.

பிரசவ அறையில் எடுத்த எடை, மூன்றாம் வயதில் பேசிய சொற்கள், இதையெல்லாம் அப்போதே எழுதாவிட்டால் பிறகு யாரும் போய் எடுத்துவர முடியாது. என்னைக் கேட்டால் இந்த ஆய்வுகளின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது: எது முக்கியம் என்று தெரிவதற்கு முன்பே எழுதி வைப்பது.

யார் இதை முதலில் ஆரம்பித்தது? (தாத்தா)

முதலில் என்று சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் தாத்தா, ஆனால் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பெரிய மூத்தது பிரிட்டனின் 1946 ஆய்வு. உலகப் போர் முடிந்த அடுத்த வருடம். அங்கே பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது பெரிய கவலையாக இருந்தது, ஜனங்கள் ஏன் குழந்தை பெற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள், பிரசவச் செலவு கட்டுப்படியாகவில்லையா என்று தெரிந்துகொள்ள நினைத்தார்கள். ஜேம்ஸ் டக்ளஸ் என்ற மருத்துவர் தலைமையில், 1946 மார்ச் 3 முதல் 9 வரை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் பிரசவித்த தாய்மார்களை, வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியர்களை வைத்துப் பேட்டி எடுத்தார்கள். 13,687 பேர். யார் பிரசவம் பார்த்தார்கள், வலி குறைக்க ஏதாவது தந்தார்களா, குழந்தைத் துணிக்கு எவ்வளவு செலவானது என்று எல்லாம் கேட்டார்கள். வீட்டில் பிரசவித்தவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைய எதுவுமே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எண்ணிக்கையோடு வெளியே வந்தது. எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்ற அந்த நாட்டின் தேசிய சுகாதாரச் சேவை வந்தது 1948-இல், அதாவது இந்தக் குழந்தைகள் பிறந்து இரண்டு வருடம் கழித்து.

சுவாரஸ்யம் என்னவென்றால், அது ஒரே ஒரு தடவை எடுக்க நினைத்த சர்வே. கையில் இருந்த தகவலைப் பார்த்ததும் டக்ளஸுக்கு விட மனசு வரவில்லை. அதில் 5,362 குழந்தைகளைப் பொறுக்கி எடுத்துத் தொடர ஆரம்பித்தார். பள்ளிக்குப் போனபோது பின்னாலேயே போனார்கள். பதினோரு வயதில் ஒரு தேர்வு வைத்து "நல்ல" பள்ளி, "மற்ற" பள்ளி என்று பிரிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அந்தப் பிரிப்பில், ஒரே அளவு புத்தி உள்ள குழந்தைகளிலும் தொழிலாளி வீட்டுக் குழந்தைகள் பின்தங்கிப் போவதை இந்த ஆய்வு புள்ளிவிவரத்தோடு காட்டியது. அப்புறம் வேலை, கல்யாணம், ரத்த அழுத்தம், மாதவிடாய் நிற்பது, இப்போது முதுமை. அவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. எழுபதை எட்டியபோது அவர்களில் சுமார் 500 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்து, மறதி நோய் எப்படித் தொடங்குகிறது என்று தேட ஆரம்பித்தார்கள். குழந்தைத் துணிச் செலவு கேட்டு ஆரம்பித்த ஆய்வு மறதி நோயில் வந்து நிற்கும் என்று டக்ளஸே நினைத்திருக்க மாட்டார்.

ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வைத்து நாடு முழுக்க எப்படிச் சொல்ல முடியும்? (தாத்தாவே, மறுபடியும்)

மார்ச் முதல் வாரத்தில் பிறந்தவர்கள் மற்ற வாரத்தில் பிறந்தவர்களைவிடப் பெரிதாக வேறுபட மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு வாரம் என்றால் நாடு முழுக்க எல்லா வகைக் குடும்பமும் தானாகவே உள்ளே வந்துவிடும். 1958-இலும் 1970-இலும் பிரிட்டன் அதே மாதிரி ஒரு வாரத்தை எடுத்து ஒவ்வொரு முறையும் சுமார் 17,000 குழந்தைகளைச் சேர்த்தது.

ஆனால் யாரை விட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1946-இல் தொடர்வதற்குப் பொறுக்கியபோது இரட்டைக் குழந்தைகளையும், கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைகளையும் சேர்க்கவில்லை. அந்தக் காலத்து மனசு அப்படி. எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது யார் உள்ளே இல்லை என்பதைத்தான்.

அதனால் உருப்படியாக ஏதாவது நடந்ததா? (மாமா)

மாமா பாணியில் கேட்டதால் சுருக்கமாக ஒன்று: கர்ப்பத்தில் சிகரெட். 1958 குழந்தைகளை வைத்து நெவில் பட்லர் என்ற மருத்துவரும் மற்றவர்களும் பார்த்தபோது, கர்ப்ப காலத்தில் புகைபிடித்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 170 கிராம் எடை குறைந்து பிறந்தன, பிறப்பை ஒட்டி இறப்பதும் அதிகமாக இருந்தது. அதுவரை கர்ப்பிணி புகைபிடிப்பதை டாக்டர்கள்கூடப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை. நம்ம ஊரில் யார் செய்கிறார்கள்? (மாமா, விடாமல்)

வேலூர்! நம்ம வேலூர்தான் மாமா, அதுவும் நேற்று இன்று அல்ல. 1969 முதல் 1973 வரை, வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்யாணமான பெண்களைப் பட்டியல் எடுத்து, அவர்களுக்குப் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை எடைபோட்டு, நீளம் அளந்து, பிறகு சிறு வயதிலும் வளரும் வயதிலும் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேலை. கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் காகிதம். அந்தக் காகிதங்கள் தப்பித்தன. முப்பது வருடம் கழித்து, அந்தக் குழந்தைகள் 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது சுமார் 2,200 பேரைத் தேடிப் பிடித்துச் சர்க்கரை பார்த்தார்கள். அவ்வளவு இளம் வயதிலேயே, நகரத்தில் மட்டுமல்ல கிராமத்திலும், சர்க்கரையை உடல் சரியாகக் கையாள முடியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

வேலூரில் இன்னொன்று உண்டு, அது எனக்குப் பிடித்த ஆய்வு. ரோட்டாவைரஸ் என்ற கிருமி சின்னக் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஒரு தடவை வந்துபோனால் உடலுக்கு எவ்வளவு எதிர்ப்பு கிடைக்கும் என்று தெரிந்தால்தான் தடுப்பு மருந்திலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியும். 2002-இல் ஆரம்பித்து, வேலூர் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்து, வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தை எடுத்துச் சோதித்தார்கள், வயிற்றுப்போக்கு வந்தாலும் வராவிட்டாலும். இப்படியே மூன்று வருடம், 373 குழந்தைகள் கடைசிவரை இருந்தார்கள். அந்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள், மூன்று வருடம் வாரம் இரண்டு தடவை ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார், நீங்கள் சமையலை விட்டுவிட்டுக் குழந்தையின் வயிற்றுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ககன்தீப் காங் தலைமையிலான அந்தக் குழுவின் முடிவு 2011-இல் வெளிவந்தது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதத்துக்குள்ளேயே கிருமி தொற்றிவிட்டிருந்தது. மெக்சிகோவில் முன்பு செய்த இதே மாதிரி ஆய்வில், இரண்டு முறை தொற்றிவிட்டால் அதற்குமேல் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அதாவது வெளிநாட்டுக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. இந்தியாவின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து 2016-இல் சில மாநிலங்களில் சேர்ந்தது, தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று தங்கை குழந்தைக்கு வாயில் விடப் போகிறார்களே, அதேதான்.

பிறக்கும்போது எடை குறைவாக இருந்தால் நன்றாக ஊட்டிக் குண்டாக்கிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? (பெரியம்மா)

பெரியம்மா, இதைக் கேட்டு நீங்கள் கோபப்படக் கூடாது.

டில்லியில் 1969–72-இல் பிறந்த குழந்தைகளை, வேலூர் மாதிரியே, அளந்துகொண்டே வந்தார்கள். அவர்களில் 1,492 பேரை 26–32 வயதில் மறுபடி பார்த்தபோது 4.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 10.8 சதவீதம் பேர் அதன் விளிம்பில். இவர்கள் எப்படி வளர்ந்தவர்கள் என்று பழைய குறிப்பைப் புரட்டினால், இரண்டு வயது வரை ஒல்லி. அதற்குப் பிறகு, மற்ற குழந்தைகளைவிடச் சீக்கிரமாகவும் வேகமாகவும் உடம்பு போட்டவர்கள். இதில் கவனிக்க வேண்டியது, பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட அளவுகோலின்படி குண்டு இல்லை. பார்த்தால் சாதாரணப் பிள்ளைகள், "இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கு" என்று நாம் சந்தோஷப்படும் பிள்ளைகள்.

இதோடு புனே கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புனே பக்கத்தில் ஆறு கிராமங்களில் 1993-இலிருந்து சித்தரஞ்சன் யாக்னிக் என்ற டாக்டரின் குழு கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்கிறது. அங்கே குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. வித்தியாசம் பெரிது, ஆனால் அது உடம்பு முழுக்க ஒரே மாதிரி இல்லை. தசையும் வயிற்று உறுப்புகளும் ரொம்பச் சின்னதாக இருந்தன, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஒல்லியான, ஆனால் கொழுப்புள்ள குழந்தை. நம் ஆட்களுக்குத் தொப்பை மட்டும் தனியாக வந்து, கை கால் குச்சியாக இருப்பது பிறப்பிலேயே தொடங்குகிறது என்று யாக்னிக் சொன்னபோது பலர் நம்பவில்லை. அதே கிராமங்களில் கீரையும் பாலும் பழமும் அடிக்கடி சாப்பிட்ட அம்மாக்களுக்குக் குழந்தை கொஞ்சம் பெரிதாகப் பிறந்தது. அம்மாவுக்குப் பி12 சத்து குறைவாகவும் ஃபோலேட் (கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகவும் தரும் சத்து) அதிகமாகவும் இருந்த குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை அதிகம் தெரிந்தது.

ஆக, ஊட்டாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிறப்பதற்கு முன் அம்மாவுக்கும், முதல் இரண்டு வருடம் குழந்தைக்கும் ஊட்டுங்கள், அதற்குப் பிறகு கொழுகொழு குழந்தைப் போட்டிக்குத் தயார் செய்வதுபோல் ஊட்ட வேண்டாம் என்கிறார்கள். (மாத்திரை விஷயத்தில் இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் நிறுத்த வேண்டாம், தங்கை டாக்டர் சொன்னதைத்தான் சாப்பிடுகிறாள்.)

ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தால் அதுதான் காரணம் என்று ஆகிவிடுமா? எங்கள் பேராசிரியர் அப்படிச் சொல்லக் கூடாது என்பார். (கல்லூரியில் படிக்கும் தம்பி)

உன் பேராசிரியர் சொன்னது சரி, இது இந்த ஆய்வுகளின் நிரந்தரத் தலைவலி. தாய்ப்பாலை எடுத்துக்கொள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சுற்றி 1991–92-இல் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு பெரிய ஆய்வு ஓடுகிறது, 14,541 கர்ப்பங்களோடு ஜீன் கோல்டிங் என்ற ஆய்வாளர் ஆரம்பித்தது. அங்கே தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் உடல் பருமனும் சற்றுக் குறைவு, புத்திக்கூர்மைத் தேர்வில் மதிப்பெண் அதிகம். ஆனால் அந்த ஊரில் படித்த, வசதியான அம்மாக்கள்தான் நீண்ட நாள் பால் கொடுத்தார்கள். அப்படியானால் வேலை செய்தது பாலா, வசதியா?

இதை அவிழ்க்க ஒரு அழகான வழி கண்டார்கள். பிரேசிலில் பெலோட்டாஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1982-இல் ஆரம்பித்து, 1993, 2004, 2015 என்று பதினோரு வருடத்துக்கு ஒரு முறை ஊரில் பிறக்கும் அந்த வருடத்துக் குழந்தைகளை எல்லாம் சேர்க்கிறார்கள். அந்த ஊரில் தாய்ப்பால் கொடுப்பதில் ஏழை பணக்காரர் வித்தியாசம் பெரிதாக இல்லை. 1993-இல் பிறந்த பெலோட்டாஸ் குழந்தைகளையும் பிரிஸ்டல் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம், பருமன் இரண்டிலும் தாய்ப்பாலுக்குப் பலன் பெலோட்டாஸில் தெரியவில்லை, ஆக பிரிஸ்டலில் தெரிந்தது பெரும்பாலும் வசதியின் வேலை. புத்திக்கூர்மை மதிப்பெண்ணில் மட்டும் இரண்டு ஊரிலும் வித்தியாசம் இருந்தது, அதனால் அதில் பாலுக்கே பங்கு இருக்கலாம் என்று சொல்ல வலுவான இடம் கிடைத்தது. ஒரே கேள்வியை இரண்டு வேறு மாதிரி ஊர்களில் கேட்பது எவ்வளவு புத்திசாலித்தனம் பார். தேர்வில் இதை எழுதினால் எனக்குப் பங்கு கொடு.

மூன்று வயதில் பார்த்தே குழந்தையின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார்களாமே? (அக்கா)

டனீடின் ஆய்வைத்தான் அக்கா சொல்கிறாள். சின்ன வயதில் பொறுமையும் தன்னடக்கமும் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களானதும் உடல்நலம், பணம், போலீஸ் என்று தொல்லைகள் அதிகம் என்று 2011-இல் அவர்கள் வெளியிட்டது உண்மைதான். அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஆயிரம் பேரில் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லும், உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று சொல்லாது.

இன்னொன்றும் அதே ஆய்வில்தான் வந்தது, அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. பதின்வயதில் சில்லறைத் தப்புகள் செய்கிற பையன்களில் பெரும்பாலோர் பிறகு தானாகவே அடங்கிவிடுகிறார்கள், சிறு வயதிலேயே ஆரம்பித்துக் கடைசிவரை தொடர்பவர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான் என்று டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். ஒரு பையன் பதினாறு வயதில் சிகரெட்டோடு மாட்டினான் என்பதற்காக அவன் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். (யாரைச் சொல்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும்.)

படிவத்தில் தொப்புள்கொடி ரத்தம், நஞ்சுக்கொடி எல்லாம் எடுத்து வைப்போம் என்று இருக்கிறதே, எதற்கு? (அம்மா)

இதைப் படித்ததும் அம்மாவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நஞ்சுக்கொடியைப் புதைத்த வழக்கம் உள்ள வீடு, அதனால் புரிகிறது.

பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகளை வாளிகளில் பதப்படுத்தி வைத்தார்கள், பிறகு விழுந்த பால் பற்களைக்கூடக் கேட்டு வாங்கினார்கள். அன்றைக்கு அதை வைத்து என்ன செய்வது என்று முழுசாகத் தெரியாது. பின்னால் வரும் கருவிகள், பின்னால் வரும் கேள்விகள், அவற்றுக்கான சேமிப்பு. முன்னே சொன்னேனே, பிறகு போய் எடுத்துவர முடியாது என்று, அதேதான். கேள்வித்தாளும் அப்படித்தான். அங்கே தாய்மார்களிடம் குழந்தைக்கு என்ன கிரீம் தடவினீர்கள் என்பதுவரை கேட்டு எழுதியிருந்தார்கள். வேர்க்கடலை சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை ஏன் கூடுகிறது என்ற கேள்வி வந்தபோது அந்தப் பதில்கள் கைகொடுத்தன. கடலை எண்ணெய் கலந்த கிரீமைப் புண்பட்ட தோலில் தடவிய குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை அதிகம் என்று 2003-இல் தெரியவந்தது. வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஒவ்வாமை தொடங்கலாம் என்ற எண்ணம் வலுப்பட அது ஒரு காரணம்.

தர வேண்டாம் என்றால் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் மறுப்புச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பாதியில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியில் வைத்தியமும் நிற்கக் கூடாது. இது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறது, மூன்றாம் பக்கம்.

அப்படி எல்லாரும் விலகிவிட்டால்? (சித்தப்பா)

அங்கேதான் இந்த ஆய்வுகள் பிழைப்பதும் சாவதும். விலகுபவர்களைவிடத் தொலைந்துபோகிறவர்கள் அதிகம். ஏழைகளும் அடிக்கடி வீடு மாறுபவர்களும்தான் முதலில் தொலைவார்கள், கடைசியில் வசதியாக ஒரே இடத்தில் இருப்பவர்கள் மட்டும் மிஞ்சினால் முடிவு கோணலாகிவிடும்.

நம் ஊரில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள், ஆக குழந்தை பிறக்கும் ஊர் ஒன்று, வளரும் ஊர் ஒன்று. பிறந்து பல நாள் வரை குழந்தைக்குப் பெயர் இருக்காது, ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மா பெயரோடு "ஆண் குழந்தை" என்று இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பள்ளியில் சேர்த்த பெயர் வேறு. ஆய்வில் இருந்த பெண் குழந்தைகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அவர்களைத் தேட மாமியார் வீட்டு விலாசம் வேண்டும். போன் நம்பரோ ரீசார்ஜ் ஆஃபருக்கு ஏற்ப மாறும்.

1946 ஆய்வுக்காரர்கள் உறுப்பினர்களுக்கு வருடா வருடம் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள், விலாசம் மாறினால் அட்டை திரும்பி வரும், தேட ஆரம்பிக்கலாம். டனீடின்காரர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் விமான டிக்கெட் போட்டு ஊருக்கு வரவழைக்கிறார்கள். 45 வயதுச் சுற்றில், உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். 94 சதவீதம்! நம் வீட்டுக் கல்யாணத்துக்கே அவ்வளவு பேர் வருவதில்லை. சில சமயம் ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத இடி விழும். 1970 குழந்தைகளைப் பதினாறு வயதில் பள்ளி வழியாகப் பார்க்கப் போன 1986-இல் பிரிட்டனில் ஆசிரியர்கள் போராட்டத்தில் இருந்தார்கள், நிறையத் தகவல் போனது போனதுதான்.

குழந்தைக்குப் பதில் நாம் கையெழுத்துப் போடுவது நியாயமா? நாளைக்கு அது கேட்டால்? (தங்கையின் கணவர்)

குழுவில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான், மாப்பிள்ளை பொதுவாகப் பேசாதவர் வேறு. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதலின்படி ஏழு வயதிலிருந்து குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதற்குமேல் பதினெட்டு வரை எழுத்தில். பதினெட்டு ஆனதும் அது தனி ஆள், புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும். ஆக, இப்போது போடும் கையெழுத்து ஏழு வயது வரைக்கும்தான் முழுசாக உங்களுடையது. நாளை குழந்தை "எனக்கு இது வேண்டாம்" என்றால் பெற்றோர் வற்புறுத்தக் கூடாது, அதற்கு இப்போதே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

விவரமெல்லாம் வெளியே போகாதா?

ஒழுங்கான ஆய்வில் பெயருக்குப் பதில் எண் இருக்கும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கும், கட்டுரையில் வருவது கூட்டுத்தொகைதான். ஆனால் என் வார்த்தையை நம்ப வேண்டாம். யார் பணம் கொடுக்கிறார்கள், ரத்தம் எங்கே எத்தனை வருடம் இருக்கும், வெளிநாட்டுக்குப் போகுமா, மரபணு பார்ப்பார்களா, குழந்தைக்கு ரத்தசோகை என்று தெரிந்தால் எங்களிடம் சொல்லி வைத்தியத்துக்கு அனுப்புவீர்களா, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் என்ன. இதை ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.

பணம் தருவார்களா? (மாமாதான், வேறு யார்)

போக்குவரத்துச் செலவு கிடைக்கலாம். பணக்காரர் ஆக முடியாது மாமா.

இவ்வளவு வருடம் ஓடும் என்று என்ன நிச்சயம்? நடுவில் கைவிட்டால்? (அப்பா)

நிச்சயம் இல்லை அப்பா. அமெரிக்காவில் ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்து 21 வயது வரை தொடரப் போகிறோம் என்று 2000-இல் சட்டமே போட்டார்கள். ஆட்களைச் சேர்க்கும் முறையை மாற்றி மாற்றி, நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, முழு ஆய்வு தொடங்காமலே 2014 டிசம்பரில் இழுத்து மூடினார்கள். பிரிட்டன், இதில் அவ்வளவு அனுபவம் உள்ள நாடு, 80,000 குழந்தைகள் என்று திட்டமிட்ட புது ஆய்வை ஆரம்பித்த வேகத்திலேயே 2015-இல் நிறுத்தியது, வந்து சேர்ந்த தாய்மார்கள் அவ்வளவு குறைவு. பெரிய பணத்தோடு வந்தவை விழுந்தன, டக்ளஸ் ஆரம்பித்ததும் வேலூர்க் காகிதமும் நிலைத்து நின்றன. வீட்டுக்கு வருகிற ஆள் யார், அவரை உள்ளே விடலாமா என்று ஓர் அம்மா முடிவு செய்வதில்தான் பாதி இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, கடைசியில் கையெழுத்துப் போட்டாளா இல்லையா? (எல்லாரும்)

இன்னும் இல்லை. நேற்று என் தாளோடு போயிருக்கிறாள். ரத்தம் பற்றிய கேள்விக்கெல்லாம் அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாராம், நஞ்சுக்கொடி வேண்டாம் என்றால் அதை மட்டும் அடித்துவிடலாம் என்றாராம். தங்கை தானாகவே ஒன்று கேட்டிருக்கிறாள்: ஒன்பதாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், பிரசவமும் அங்கேதான், குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் திரும்பி வருவேன், அதுவரை அளக்க அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவீர்களா? அவர் சிரித்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அம்மா வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டாராம்.